பெக்கி மேட்டில் ஒரு விதவையின் வீடு

சலேசியர் துறவற சபையைத் தொடங்கிய புனிதர் ஜான் போஸ்கோ, அதாவது தொன் போஸ்கோ, பிறந்த வீடு என்று பல காலமாகப் படம் போட்டுக் காட்டிய வீட்டில் அவர் பிறக்கவே இல்லை. சலேசியர் பள்ளியில் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.

இத்தாலியின் வடமேற்கே பியட்மாண்ட் பகுதி. டூரின் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போலப் போனால் மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டங்கள், சோள வயல்கள், நடுவில் பெக்கி என்று நாலைந்து வீடுகள் கொண்ட ஒரு குக்கிராமம். 1815 ஆகஸ்ட் 16, அதாவது வாட்டர்லூ போர் முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, ஜான் பிறந்தது இங்கே பிலியோனே என்ற பணக்காரக் குடும்பத்தின் பண்ணை வீட்டில். அப்பா பிரான்செஸ்கோ போஸ்கோ அந்தப் பண்ணையில் உழைத்துக்கொண்டிருந்தவர். அடுத்தவன் கூரையின் கீழ் எத்தனை நாள் இருப்பது என்று 1817 பிப்ரவரியில் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டடத்தை 100 லீராவுக்கு வாங்கினார். கட்டடம் என்றால் ஒரு நிலவறை, அதை ஒட்டி ஒரு மாட்டுக் கொட்டில், அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வீடாக்கலாம் என்பது திட்டம். மே மாதம் ஒரு நாள் வயலில் வேர்த்து விறுவிறுத்து வந்தவர் குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கியிருக்கிறார், சாயங்காலமே காய்ச்சல், சில நாளில் நிமோனியாவில் போய்விட்டார். வயது 33. பிள்ளைகளும் விதவையும் அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கொட்டில் வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

பண்ணை வீட்டை 1950-களின் கடைசியில் இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில்தான் இன்றைக்குப் பிரம்மாண்டமான கோயில் நிற்கிறது. பிறந்தது அந்தப் பண்ணை வீட்டில்தான் என்று பழைய ஆவணங்களைத் துழாவி ஆட்கள் நிலைநாட்டியது அதற்கப்புறம்! எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பிறந்த இடம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஒரு ஆளை ஆளாக்கியது எந்த அடுப்படி என்பதுதான் கேள்வி என்றால், மிச்சம் இருக்கும் அந்த 100 லீரா வீடு போதும். போனவர்களுக்குத் தெரியும், கோயிலின் பிரம்மாண்டத்துக்கு முன்னால் அது கண்ணிலேயே படாது. கீழே அடுப்படியும் கொட்டிலும், மேலே அம்மா படுத்த அறையும் பையன்கள் படுத்த அறையும். பேருந்தில் வந்து இறங்கும் கூட்டம் முதலில் கோயிலுக்குள் போய்ப் படம் எடுத்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் இதற்குள் எட்டிப் பார்க்கிறது. நான் அதைத் திருப்பிச் செய்யச் சொல்வேன்.

ஜானுக்கு நினைவில் இருந்த முதல் காட்சியே அப்பா செத்த அறைதான். அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. எல்லாரும் வெளியே போன பிறகும் அவன் மட்டும் நகர மாட்டேன் என்று நிற்கிறான். அப்பா வந்தால்தான் வருவேன் என்கிறான். “வா கண்ணு, இனி உனக்கு அப்பா இல்லை” என்று சொல்லி அம்மா அழ, அம்மா அழுகிறாளே என்று அவனும் அழுதானாம். பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் வற்புறுத்திக் கேட்டதால் 1870-களில் தன் நினைவுகளை எழுத உட்கார்ந்தபோது, அறுபது வயதை நெருங்கிய அந்த மனிதர் இங்கிருந்துதான் தொடங்குகிறார். பிற்காலத்தில் அவர் வாழ்க்கை முழுக்க அப்பன் இல்லாத பையன்களோடு கழிந்தது. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் இவர்கள்: ஜானின் அம்மா மார்கரீத்தா, வயது 29. முடியாமல் கிடந்த மாமியார். பிரான்செஸ்கோவின் முதல் தாரத்து மகன் அந்தோனியோ, ஒன்பது வயது. ஜுசெப்பே, நாலு வயது. கடைசியாக ஜான். கூடவே பஞ்சம். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய சாம்பல் வானத்தை மூடியதில் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, 1816, 1817 இரண்டு ஆண்டும் பல நாடுகளில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். வாயில் புல்லோடு ஆட்கள் வயலில் செத்துக் கிடந்ததாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள் என்று தொன் போஸ்கோ எழுதுகிறார். மார்கரீத்தா பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு கொடுத்து எங்கேயாவது தானியம் கிடைத்தால் வாங்கி வரச் சொன்னாள். இரண்டு நாள் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார் மனுஷன். அப்போது அவள் செய்ததைப் பாருங்கள். சாகும்போது கணவன் கடவுளை நம்பு என்று சொல்லிவிட்டுப் போனான், வாருங்கள் முழங்கால் போட்டு ஜெபிப்போம் என்று எல்லாரையும் கூட்டி ஜெபித்தாள். எழுந்து நேராகக் கொட்டிலுக்குப் போய், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு கன்றுக்குட்டியை அடித்து, ராத்திரியே சமைத்துப் போட்டாள்.

விவசாயி வீட்டில் கன்றுக்குட்டி என்றால் அடுத்த வருஷத்துக் காசு. அதை அடிப்பது கடைசியிலும் கடைசி. ஜெபித்துவிட்டு அற்புதத்துக்காக உட்கார்ந்திருக்காமல் கத்தியை எடுத்தாளே, தொன் போஸ்கோவின் விசுவாசம் முழுக்க இந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றும். பிற்காலத்தில் கையில் சல்லிக்காசு இல்லாமல் கோயில் கட்டத் தொடங்குவார், கடவுள் கொடுப்பார் என்பார், சொல்லிவிட்டுப் பணக்காரர் வீடுகளின் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்.

வசதியான ஒருவர் அவளை மறுமணம் செய்துகொள்ளக் கேட்டார். பிள்ளைகளை நல்ல காப்பாளர் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார்கள். காப்பாளர் வெறும் நண்பர்தான், நான் பெற்றவள் என்று சொல்லி மறுத்துவிட்டாள். அந்தோனியோ அவள் பெற்ற பிள்ளை இல்லை. ஆனால் பேச்சு முழுக்க மூன்று மகன்கள் என்றே பேசினாள்.

மார்கரீத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞானோபதேசம், அதாவது மறைக்கல்விப் பாடம், முழுக்க மனப்பாடம். மாடு கறக்கும்போது, களை எடுக்கும்போது, ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்காரும்போது கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுத்தாள். காலையும் மாலையும் எல்லாரும் சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபம், ஜெபமாலை. இதெல்லாம் நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளிலும் நடந்ததுதான், என் பாட்டி வீட்டிலும் நடந்தது, பாதித் தூக்கத்தில் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” சொல்லாத பிள்ளை யார்? புதுநன்மை (முதல் முறை நற்கருணை) வாங்கும் முன் பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, அவளே ஜானைத் தயார் செய்தாள், கோயிலுக்கு அவளே கூட்டிப் போனாள். புதுநன்மை நாளில் அவனை யாரோடும் பேசவிடாமல் பார்த்துக்கொண்டாள், வயல் வேலைக்கும் விடவில்லை.

பிரம்பு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு மூலையில் ஒரு பிரம்பு நிற்கும். அவள் அதை எடுத்து அடித்ததே இல்லையாம். ஒரு தடவை ஜான் என்னவோ சேட்டை செய்ய, “அந்தப் பிரம்பை எடுத்துட்டு வா” என்கிறாள். “எதுக்கும்மா?” “எடுத்துட்டு வா, தெரியும்.” “என்னை அடிக்கத்தானே?” “இப்படிச் செஞ்சா அடிக்காம?” “இனிமே செய்ய மாட்டேன்மா.” அவள் சிரித்துவிடுகிறாள், அதோடு சரி. இன்னொரு நாள் அம்மா இல்லாதபோது அலமாரி மேலே எதையோ எட்டி எடுக்கப் போய் எண்ணெய்ச் சாடியை உடைத்துவிட்டான். துடைத்துப் பார்த்தான், கறை போகவில்லை. வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, பட்டை சீவி, அழகாகச் செதுக்கி, அம்மா வரும் வழியில் போய் நின்று அவள் கையில் கொடுத்து, தப்பு செய்துவிட்டேன் அடி என்றான். இவற்றை எழுதிவைத்த லெமோய்ன் என்ற குரு கொஞ்சம் சர்க்கரை கூடுதலாகப் போடுகிறவர், அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் சேட்டைக்காரப் பையன் ஒருவனின் தந்திரம் அந்தக் குச்சியில் தெரிகிறது, அது கற்பனை மாதிரி இல்லை.

1877-இல் தொன் போஸ்கோ தன் கல்வி முறை பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். அறிவு, பக்தி, பாசம் என்று மூன்று தூண், அடி கூடாது, தப்பு நடக்கும் முன்பே பிள்ளையோடு கூட இரு என்பது சாரம். ஆசிரியப் பயிற்சியில் இதைப் பெரிய கோட்பாடாகப் பாடம் நடத்துகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியின் அடுப்படியில் இது ஐம்பது அறுபது வருஷம் முன்பே நடந்துவிட்டது என்பதுதான் என் கட்சி. நான் இருந்த விடுதியில் சுவரில் தொன் போஸ்கோ படம் சிரித்துக்கொண்டிருக்கும், படத்துக்கு நேர் கீழே ஒரு பிரம்பு, அது மூலையில் சும்மா நிற்கிற ரகம் இல்லை. அந்த வயதில் எங்களுக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை, வலி மட்டும் தெரிந்தது.

ஊர் ஒதுக்குப்புறம் என்பதால் ராத்திரியில் கதவு தட்டுகிறவர்கள் உண்டு. பிச்சைக்காரர், வழி தவறியவர், காட்டில் ஒளிந்து திரியும் ஆட்கள். எல்லாருக்கும் சூப்பு உண்டு, வைக்கோலில் படுக்க இடம் உண்டு. போலீஸும் ரோந்து வந்தால் அங்கேதான் களைப்பாறுவார்கள். கள்ளன் ஒரு பக்கம் போலீஸ் ஒரு பக்கம் ஒரே கூரைக்குள் இருந்திருக்கிறார்கள், அந்த வீட்டுக்குள் வைத்து யாரும் யாரையும் பிடித்ததில்லை என்று சொல்கிறார்கள். பையன்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள். மாடு மேய்க்கப் போகும் இடத்தில் பக்கத்துப் பண்ணையில் வேலை செய்த ஒரு பையனுக்குக் கறுப்பு ரொட்டிதான் கிடைக்கும். ஜான் தன் வெள்ளை ரொட்டியை அவனிடம் கொடுத்து, எனக்கு உன்னுடையதுதான் பிடிக்கும் என்று மாற்றிக்கொள்வான். பிடிக்கும் என்பது பொய்தான்.

ஒன்பது வயதில் அந்தப் புகழ்பெற்ற கனவு. வீட்டுக்குப் பக்கத்து வெட்டவெளியில் ஒரு கூட்டம் பையன்கள், கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். ஜான் உள்ளே புகுந்து கைமுட்டியால் அடக்கப் பார்க்கிறான். ஒளி வீசும் ஒருவர் வந்து, அடியால் அல்ல, சாந்தத்தாலும் அன்பாலும் இவர்களை நண்பர்களாக்கு என்கிறார். ஒரு பெண்மணி வருகிறார், காட்டு விலங்குகள் ஆட்டுக்குட்டிகள் ஆகின்றன. இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியாகிவிட்டது. எனக்குக் கனவைவிட மறுநாள் காலை வீட்டில் நடந்ததுதான் பிடிக்கும். சொன்னதும் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஜுசெப்பே, “நீ ஆடு மேய்க்கப் போற” என்கிறான். அந்தோனியோ, “கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆவே” என்கிறான். அம்மா, “யாருக்குத் தெரியும், சாமியாராகப் போறியோ என்னமோ” என்கிறாள். பாட்டி தீர்ப்பு சொல்கிறாள்: “கனவையெல்லாம் நம்பக் கூடாது.” எனக்கும் பாட்டி சொன்னதுதான் சரி என்று பட்டது என்று தொன் போஸ்கோவே எழுதியிருக்கிறார்! பக்திப் புத்தகங்கள் பாட்டியின் வரியைச் சீக்கிரம் தாண்டிவிடும். எனக்கு அந்த வீட்டின் ஆரோக்கியமே அந்த வரியில் இருப்பதாகப் படுகிறது. கனவு கண்ட பிள்ளையை யாரும் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை, திட்டவும் இல்லை, அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அவன் வித்தைக்காரன் ஆனதும் இந்த வயதில்தான். சந்தைகளில் கழைக்கூத்தாடிகளை உற்றுப் பார்த்து, வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து பழகி, புல்வெளியில் பேரி மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் கயிறு கட்டி நடந்து காட்டினான். டிக்கெட் என்ன தெரியுமா? முதலில் எல்லாரும் ஜெபமாலை சொல்ல வேண்டும், அப்புறம் காலையில் கோயிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். அப்புறம்தான் குட்டிக்கரணம். ஜெபத்தின்போது எழுந்து போனவனை வித்தை பார்க்கவிடமாட்டான். குளிர்காலத்தில் மாட்டுச் சூட்டுக்காக அக்கம்பக்கத்தார் கொட்டிலில் கூடும்போது பெஞ்சு மேல் ஏறி நின்று பழைய வீரர் கதைகளை வாசித்துக் காட்டுவான். சாமான் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்றால் குருவி பிடித்து விற்றது, தொப்பி பின்னி விற்றது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

இனி அந்தோனியோ. பக்திக் கதைகளுக்கு ஒரு வில்லன் தேவைப்படும்போதெல்லாம் இந்த ஆளைத்தான் இழுப்பார்கள். தம்பியைப் படிக்கவிடாத முரட்டு அண்ணன், சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைக் கண்டால் கத்துகிறவன். நான் புத்தகத்தையே பார்த்ததில்லை, எப்படி வளர்ந்திருக்கிறேன் பார் என்று அவன் சொல்ல, “நம்ம கழுதைகூடத்தான் பள்ளிக்கூடம் போனதில்ல, அது உன்னைவிடப் பெருசா இருக்கு” என்று ஜான் வாயைக் கொடுத்துவிட்டு ஓட்டம் பிடித்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தோனியோ பக்கம் நின்று கொஞ்சம் பாருங்கள். மூன்று வயதில் பெற்ற தாய் போய்விட்டாள், ஒன்பது வயதில் அப்பாவும் போய்விட்டார். மாற்றாந்தாய் நல்லவள்தான், ஆனால் அவள் பெற்ற கடைக்குட்டி லத்தீன் படிக்கிறேன் என்று நிற்கிறான். மண்வெட்டி பிடிக்க வீட்டில் ஒரு கை குறைந்தால் அந்த வேலை யார் தலையில் விழும்? எங்கள் ஊர் விவசாய வீடுகளில் இதே சண்டையை, இதே வார்த்தைகளில், நான் கேட்டிருக்கிறேன். அண்ணன் எப்போதும் கெட்டவன் இல்லை, களைத்தவன்.

சண்டை முற்றி, 1828 பிப்ரவரியில், பனிக்காலத்தில், மார்கரீத்தா ஒரு முடிவெடுத்தாள். பன்னிரண்டு வயது ஜானை, எங்கேயாவது பண்ணையில் வேலை கேட்டுப் பிழைத்துக்கொள் என்று துணி மூட்டையோடு அனுப்பினாள். அவன் போய்ச் சேர்ந்தது மோலியா குடும்பத்தின் பண்ணை. அங்கே ஏறத்தாழ இரண்டு வருஷம் மாட்டுக்காரன். மதியக் கோயில் மணி அடித்ததும் வேலையை நிறுத்தி முழங்கால் போட்டுத் திரிகால ஜெபம் சொல்லும் பையனைப் பார்த்து வீட்டுப் பெரியவர், நாங்கள் மாடாக உழைக்கிறோம் நீ ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று குத்தலாகச் சொல்ல, ஜெபித்தால் இரண்டு விதையில் நாலு கதிர் முளைக்கும், ஜெபிக்காவிட்டால் நாலு விதை போட்டாலும் இரண்டுதான் என்றானாம். பேச்சில் அவனை யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

நல்ல தாய் பிள்ளையை இப்படி அனுப்பலாமா என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனை வீட்டைவிட்டுத் துரத்த அவள் தயாராக இல்லை, அந்தோனியோவை அனுப்பியிருந்தால் உழவு நின்றிருக்கும் என்பதும் உண்மை. எந்தப் பக்கம் போனாலும் அடி. அமைதியான, ஜெபம் மணக்கும் வீட்டிலிருந்து ஒரு புனிதர் வந்தார் என்று சொல்வது எளிது, ஆனால் இந்த வீடு அப்படிப்பட்டதே இல்லை. மேசையில் சண்டை, கூரையின் கீழ் பசி, கடைசியில் ஒரு பிள்ளை வெளியேற்றம். வீட்டைவிட்டு வெளியே நிற்கும் பையன் என்றால் என்ன என்று பாடம் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை, பனியில் நடந்து தெரிந்துகொண்டார்.

அப்புறம் கலோசோ என்ற வயதான குரு லத்தீன் சொல்லிக்கொடுத்ததும், அவர் 1830 நவம்பரில் திடீரென்று இறந்ததும், சொத்தைப் பிரித்து அந்தோனியோ தனியே போனதும், ஜான் கியேரி நகரத்தில் படித்து 1841 ஜூன் 5 அன்று குருப்பட்டம் பெற்றதும் பலருக்கும் தெரிந்த கதை. முதல் பூசைகள் முடிந்து ஊருக்கு வந்த மகனிடம் மார்கரீத்தா சொன்னது: பூசை வைக்கத் தொடங்கினாய் என்றால் துன்பப்படத் தொடங்கினாய் என்று பொருள். அதற்கு முன்பே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தாள், நீ குருவாகிப் பணக்காரன் ஆனால் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று. தமிழ்நாட்டில் மகன் சாமியாரானால் ஊர் கூட்டி விருந்து வைக்கும் நாம் இதை எப்படி எடுத்துக்கொள்வோமோ!

1846 நவம்பர் 3. 58 வயதில், பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்தில், ஒரு கூடைத் துணியோடு மகனுடன் நடந்தே டூரினுக்குப் புறப்பட்டாள். வால்டாக்கோ என்ற மோசமான புறநகரில் வாடகை அறைகள். பெக்கி வீடு அன்றைக்கு இடம் மாறியது என்பேன். தெருப் பையன்களுக்கு முதலில் வைக்கோல் பரணில் படுக்க இடம் கொடுத்தார்கள், காலையில் பார்த்தால் பையன்களும் இல்லை போர்வைகளும் இல்லை. மறுபடி 1847 மே மாதம் ஒரு மழை இரவில் நனைந்துபோய் ஒரு அனாதைப் பையன் வந்து நிற்கிறான். தொன் போஸ்கோ தங்க வைக்கலாம் என்கிறார், என் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்கிறாள் அம்மா. ஆனாலும் செங்கல், பலகை வைத்து அடுப்படியிலேயே படுக்கை போட்டாள். படுக்கும் முன் உழைப்பு, நாணயம், கடவுள் பற்றி நாலு வார்த்தை சொன்னாள். அப்புறம் அடுப்படிக் கதவைப் பூட்டிவிட்டாள். அன்பும் உண்டு, பூட்டும் உண்டு.

அந்த நாலு வார்த்தைதான் உலகம் முழுக்கச் சலேசியர் விடுதிகளில் ராத்திரி ஜெபத்துக்கு அப்புறம் சொல்லும் “குட் நைட்”. சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தபோது இதுவும் கூடவே வந்தது. எங்கள் விடுதியில் பாதர் மைக்கைப் பிடித்து அன்றைய கிரிக்கெட் தோல்வியில் தொடங்கி எங்கேயோ கொண்டுபோய்க் கடவுளில் முடிப்பார், நாங்கள் நின்றபடியே தூங்குவோம். பியட்மாண்ட் விதவை ஒருத்தி தன் சட்டி பானைக்குப் பயந்த ராத்திரியில் தொடங்கிய பழக்கம் அது என்று யாராவது சொல்லியிருந்தால் விழித்துக்கொண்டு கேட்டிருப்பேன்.

பத்து வருஷம் அங்கே தைத்தாள், துவைத்தாள், சமைத்தாள். தன் கல்யாணத் துணிகளைக் கோயில் துணிகளாக வெட்டினாள், நகையை விற்றாள். ஒரு நாள் பையன்கள் போர் விளையாட்டு விளையாடி அவள் காய்கறித் தோட்டத்தைத் துவம்சம் செய்ததும் பொறுக்க முடியாமல், நான் பெக்கிக்கே போகிறேன் என்று மகனிடம் வந்து நின்றாள். அவர் பேசவில்லை, சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவை, காட்டினார். நீ சொல்வது சரி என்று திரும்பிப் போய்விட்டாள். 1856 நவம்பர் 25 அன்று இறந்தாள். மகன் 1934-இல் புனிதர் ஆனார். அவள் 2006-இல்தான் வணக்கத்துக்குரியவர் என்ற படியை எட்டியிருக்கிறாள். வரிசை தலைகீழ் என்பது என் கருத்து.

இந்த ஊரைப் பற்றி இன்னொன்று. பெக்கியைத் தன்னுள் கொண்ட காஸ்தெல்நுவோ என்ற அந்தச் சின்ன ஊர் 1930-இல் தொன் போஸ்கோவின் பெயரையே சேர்த்துக்கொண்டது. தொன் போஸ்கோவுக்கு வழிகாட்டிய ஜுசெப்பே கஃபாசோவும், கஃபாசோவின் சகோதரி மகனும் 2024 அக்டோபரில் புனிதராக அறிவிக்கப்பட்டவருமான அல்லமானோவும் அங்கே பிறந்தவர்கள்தான். மண்ணில் என்னவோ இருக்கிறது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு மண்ணில் நம்பிக்கை இல்லை, அந்த வீடுகளின் அடுப்படியில் யார் என்ன பேசினார்கள் என்று தெரிந்தால் நல்லது.

அண்ணன் ஜுசெப்பே கடைசிவரை விவசாயிதான். 1839-இல் பழைய வீட்டுக்கு எதிரே சொந்தமாக ஒரு வீடு கட்டினான். ஒவ்வொரு அக்டோபரிலும் ஜெபமாலை மாதா திருநாளுக்குத் தொன் போஸ்கோ டூரினிலிருந்து பையன்களைக் கூட்டமாக நடத்திக் கூட்டிக்கொண்டு பாட்டும் மேளமுமாக அங்கே வந்து இறங்கிவிடுவார். 1854 அக்டோபர் 2 அன்று காலையில் அந்த வீட்டு வாசலில்தான் பன்னிரண்டு வயது தோமினிக் சாவியோ தன் அப்பாவோடு வந்து, “நான் துணி, நீங்கள் தையல்காரர்” என்று சொல்லி இடம் பிடித்தான், பின்னால் அவனும் புனிதன் ஆனான். கூட்டம் வந்தால் தூங்க வைக்கோல் வேண்டும், தின்னச் சோளக்களி வேண்டும், அதற்கெல்லாம் விறகு பிளந்து தண்ணீர் இறைத்தவர்கள் ஜுசெப்பேயும் அவன் மனைவி மரியாவும் பிள்ளைகளும். இவர்களைப் பற்றித் தமிழில் யாரும் ஒரு பக்கம்கூட எழுதி நான் பார்த்ததில்லை, அடுத்து அதைத்தான் எழுதலாம் என்றிருக்கிறேன்.